தமிழ், இங்கிலீஷ் மார்க் கட்-ஆஃப்ல சேராதா?



"மொழிப் பாடம் எல்லாம் கட்-ஆஃப்ல சேராது. கணக்கும் சயின்ஸும் படிச்சா போதும்" என்று நம்மில் நிறைய பேர் சொல்கிறோம். நானும் அப்படிச் சொன்னவள்தான். எங்கள் தெரு அக்கா ஒருத்தர் பிளஸ் டூவில் கணக்கில் 91 எடுத்தார். ஆனால் இங்கிலீஷில் 29தான். அந்த வருஷம் அவரால் எந்தக் கல்லூரியிலும் சேர முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் இதை விசாரித்தேன்.

இன்ஜினியரிங்: கட்-ஆஃப் 200. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இதில் தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. ஆனால் பிளஸ் டூவில் எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆகியிருக்க வேண்டும். 100க்கு 35 எடுத்தால்தான் பாஸ். மொழிப் பாடம் வீட்டு வாசல்படி மாதிரி. அதைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது.

டாக்டர் படிப்பு: நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனாலும் பிளஸ் டூவில் இங்கிலீஷ் பாஸ் ஆகியிருக்கணும். 2018இல் நீட் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புத் தப்பு என்று வழக்கு நடந்தது. மதுரை உயர்நீதிமன்றக் கிளை 196 மார்க் கொடுக்கச் சொன்னது. உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கேள்வியில் சந்தேகம் வந்தால் இங்கிலீஷில் இருப்பதுதான் சரி என்பது நீட் விதி. அதனால் தமிழில் படிக்கிற நாம் பாடத்தில் வரும் இங்கிலீஷ் பெயர்களையும் சேர்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

அரசு கலைக் கல்லூரி: இங்கே மொழி மார்க்கே சீட் வாங்கித் தரும். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு இங்கிலீஷ் மார்க்கையும் பார்த்துத்தான் சேர்க்கிறார்கள்.

வெளிநாடு: இங்கிலீஷில் பாடம் நடத்தும் பல பல்கலைக்கழகங்கள் ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற தேர்வு கேட்கும். கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று அதில் நாலு பகுதி. மொத்த அளவு 9. மனப்பாடம் பண்ணி இதில் தப்பிக்க முடியாது.

இந்த மொழி விதி இன்று வந்தது இல்லை. கணித மேதை ராமானுஜன் 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். எப்பவும் கணக்கையே போட்டுக்கொண்டிருந்ததால் இங்கிலீஷில் தவறினார். உதவித்தொகை போச்சு, படிப்பும் நின்றது. பிறகு 1914இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்த கேம்பிரிட்ஜிலேயே கிரேக்க மொழி 1919 வரைக்கும், லத்தீன் 1960 வரைக்கும் கட்டாயமாக இருந்தது! எல்லாருக்கும் விதியைத் தளர்த்த மாட்டார்கள். நமக்கு யார் தளர்த்துவார்கள்?

அதுக்காகத் தமிழ் மீடியம் என்று யாரும் கூச்சப்பட வேண்டாம். 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தில் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழிலும் நடத்தினார்கள். அதே ஆண்டு, தமிழில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலையில் 20 சதவீதம் ஒதுக்கச் சட்டமும் வந்தது.

அந்த அக்கா என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? வீட்டில் "படிச்சது போதும், மாப்பிள்ளை பார்க்கலாம்" என்றார்கள். அக்கா அழுது அடம்பிடித்து துணைத்தேர்வு எழுதினார். 47 எடுத்துப் பாஸ். அடுத்த வருஷம் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்துவிட்டார். ஆனால் ஆறு மார்க் குறைந்ததால் ஒரு வருஷம் போச்சே! துணைத்தேர்வுக்கும் விடாமல் இருந்திருந்தால்?

நமக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கிறது. தினமும் அரை மணி நேரம் இங்கிலீஷ் பாடத்தைச் சத்தம் போட்டுப் படிப்போம். தமிழில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுதிப் பழகுவோம். கணக்கில் சென்டம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாசல்படியில் மட்டும் தடுக்கி விழுந்துவிடாதீர்கள்!



– ஒன்பதாம் வகுப்பு மாணவி