ஒரு நூலை முழுமையாகக் கற்றல்: பெரியோர் வேதபாட வகுப்பும் ரூத்தின் வரலாறும்

முன்னுரை

கிறித்தவத் திருமணங்களில் விரும்பி வாசிக்கப்படும் பகுதிகளுள் ஒன்று, ரூத் என்னும் பெண் கூறும் உறுதிமொழியாகும். எங்குச் சென்றாலும் உடன்வருவேன், சாவு ஒன்றே நம்மைப் பிரிக்கும் என்னும் பொருள்பட அமைந்த அம்மொழி, மணமகள் மணமகனிடம் கூறுவது போலவே கேட்போர் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் நூலைத் திறந்து வாசிப்பவர் வேறொன்றைக் காண்பார். அதனைக் கூறுபவள் கணவனை இழந்த மருமகள். கேட்பவர் கணவனையும் இரு மைந்தரையும் இழந்து நிற்கும் மாமியார். இடமும் மணமேடையன்று, அயல்நாட்டிலிருந்து சொந்த ஊருக்குத் திரும்பிச் செல்லும் வழி.

அப்பகுதியைத் திருமணத்தில் வாசிப்பது பிழையென்று கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு வசனம் தன் நூலினின்று தனியே எடுக்கப்படும்போது அதன் பேச்சாளர், கேட்பவர், சூழல் ஆகிய மூன்றும் உதிர்ந்துவிடுகின்றன என்பதற்கு இஃது ஒரு நல்ல சான்று. உதிர்ந்தவற்றை மீட்டுக் கொள்ளும் இடமே திருச்சபைகளில் நடைபெறும் பெரியோர் வேதபாட வகுப்பு. விவிலியத்தின் ஒரு நூலைத் தொடக்கம் முதல் முடிவு வரை அங்கு எவ்வாறு கற்கலாம், அக்கல்வி தமிழ்மொழிப் பயிற்சியாகவும் எவ்வாறு அமைகிறது என்பவற்றை, நான்கே அதிகாரங்கள் கொண்ட ரூத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வகுப்பின் மரபு

ஞாயிறு பள்ளி என்றவுடன் சிறுவர்களே நினைவுக்கு வருவர். எனினும் வளர்ந்தோர் அமர்ந்து கற்ற வகுப்புகளுக்கும் நீண்ட மரபு உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் 1798ஆம் ஆண்டு, தொழிற்கூடங்களில் பணிபுரிந்த இளம்பெண்களுக்காக ஒரு பெரியோர் பள்ளி தொடங்கப்பெற்றது. அங்கு விவிலியமே வாசிப்புப் பாடம்.

மொழி ஆர்வலர் கருதத்தக்க சான்று வேல்ஸ் நாட்டினுடையது. வில்லியம் மோர்கன் 1588இல் விவிலியம் முழுவதையும் வேல்ஸ் மொழியில் வெளியிட்டார். 1730களில் கிரிஃபித் ஜோன்ஸ் நடத்திய சுற்றுப் பள்ளிகளில் சிறுவரோடு வளர்ந்தோரும் தங்கள் தாய்மொழியில் எழுத்துக் கற்றனர். பின்னர் தாமஸ் சார்ல்ஸ் பரவலாக்கிய ஞாயிறு பள்ளிகளிலும் எல்லா வயதினரும் அமர்ந்தனர். நாட்பள்ளிகளில் ஆங்கிலம் மேலோங்கிய காலத்தில், வேல்ஸ் மொழியை வாசிக்கும் திறனைக் காத்து நின்றவற்றுள் இவ்வகுப்புகளுக்குப் பெரும்பங்கு உண்டு. வீட்டில் பேசும் மொழியை நூல்மொழியோடு இணைத்தமையே அவை செய்த பணி.

சிங்கப்பூர், மலேசியத் தமிழ்ச் சபைகளுக்கும் இப்பணி புதியதன்று. சிங்கப்பூரின் ஓபிர் சாலையில் 1888இல் கட்டி முடிக்கப்பெற்ற லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்தது. மலாயாவுக்கு வந்த லூத்தரன் தமிழர் தரங்கம்பாடி மரபைத் தம்முடன் கொணர்ந்தனர். அலுவலகத்திலும் கடைத்தெருவிலும் பிறமொழி பேசும் ஒருவர், பள்ளிப்பருவத்திற்குப் பின் நீண்டதொரு தமிழ் உரைநடையைப் பிறரோடு சேர்ந்து வாய்விட்டு வாசித்து, அதன் பொருள் குறித்து உரையாடும் வாய்ப்பு எத்தனை இடங்களில் உண்டு? பெரியோர் வேதபாட வகுப்பு அத்தகைய இடங்களுள் ஒன்று. அது மெலிந்தால் வாசிப்புப் பழக்கமும் உடன் மெலியும்.

தமிழில் ரூத்தின் வரலாறு

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்தார். பின்னர்ப் பழைய ஏற்பாட்டைத் தொடங்கினார். தொடக்கநூல் முதல் எட்டாம் நூலாகிய ரூத் வரை வந்தபோது, 1719இல் அவர் மறைந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே நிறைவு செய்தார். இவ்வாறு, தமிழில் விவிலியத்தை முதன்முதலில் அச்சேற்றியவரின் பழைய ஏற்பாட்டுப் பணி நின்ற இடமாகவும் இச்சிறு நூல் அமைந்தது.

அதன்பின் பப்ரிசியஸ் 18ஆம் நூற்றாண்டில் புதியதொரு மொழிபெயர்ப்பை அளித்தார். யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணிக்குச் சைவப் பேரறிஞர் ஆறுமுக நாவலர் துணைநின்றார். 1871இல் வெளிவந்த பவர் திருப்புதலின் வழிவந்த பதிப்பே சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் இன்றும் வழங்குகிறது. 1995இல் திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. ஒரே நூலைப் பல காலத் தமிழில் வாசிக்கும் வாய்ப்பு வகுப்பிற்கு இதனால் வாய்க்கிறது.

முதலில் முழுமை

அதிகாரப் பிரிவுகள் 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டவை. நூலை எழுதியவர் அவற்றை அமைக்கவில்லை. எனவே முதல் வாரம் விளக்கம் எதுவுமின்றி நூல் முழுவதையும் வாசித்தல் நன்று. ரூத்தின் வரலாற்றில் உள்ளவை 85 வசனங்களே. அரைமணி நேரத்திற்குள் வாசித்துவிடலாம். அவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை உரையாடலாதலால், நகோமி, ரூத், போவாஸ், கதைசொல்லி எனப் பங்கிட்டு வாசித்தால் யார் யாரிடம் பேசுகிறார் என்பது தானே விளங்கும். முன்னுரையில் குறித்த பிழை அப்போதே நீங்கிவிடும்.

முழுமையாக வாசித்தோர்க்குக் கதையின் அமைப்பு புலப்படும். பெத்லகேம் என்னும் ஊர்ப்பெயருக்கு அப்பவீடு என்பது பொருள்; அவ்வப்பவீட்டில் பஞ்சம் என்பதே கதையின் தொடக்கம். இனியவள் என்னும் பொருளுடைய பெயர் தாங்கிய நகோமி, ஊர் திரும்பியதும் தம்மைக் கசப்பு எனப் பொருள்படும் மாரா என்று அழைக்கச் சொல்கிறார். வெறுமையாய்த் திரும்பினேன் என்று முதல் அதிகாரத்தில் வருந்தும் அவரிடம், வெறுங்கையாய்ப் போகவேண்டா என்று கூறித் தானியம் கொடுத்தனுப்புகிறார் போவாஸ். அதனை மூன்றாம் அதிகாரத்தில் ரூத் மாமியாரிடம் தெரிவிக்கிறாள். எபிரேயத்தில் இரண்டும் ஒரே சொல். இறுதியில் அவர் மடியில் ஒரு குழந்தை. வெறுமையினின்று நிறைவுக்குச் செல்லும் இப்பாதையைத் தனி வசனம் காட்டாது, நூலே காட்டும்.

சொல்லைப் பின்தொடர்தல்

இரண்டாம் வாரம் முதல் ஒவ்வோர் அதிகாரமாகக் கற்கலாம். மீண்டும் மீண்டும் வரும் சொல்லுக்கு அடிக்கோடிடுவது எளிய பயிற்சி, ஆயினும் பயன்மிக்கது. முதல் அதிகாரத்தில் திரும்புதல் என்னும் பொருளுடைய எபிரேய வினை பன்னிரண்டு முறை வருகிறது. நகோமி திரும்புகிறார், ஓர்பாள் தன் தாய்வீட்டுக்குத் திரும்புகிறாள், ரூத்தோ தான் ஒருபோதும் கண்டிராத ஊருக்குத் திரும்பி வந்தவளாகக் குறிக்கப்பெறுகிறாள். பிறந்த மண்ணுக்குச் செல்வது மட்டுமே திரும்புதலா என்னும் வினாவை நூல் வாய்திறந்து கேட்கவில்லை, சொல்லாட்சியால் எழுப்புகிறது. பெற்றோரும் பாட்டன்மாரும் கடல் கடந்து வந்த குடும்பத்தினர் நிறைந்த நம் வகுப்புகளில் இவ்வினா எளிதில் அடங்காது.

ரூத்தைக் குறிக்கும் அடைமொழியையும் இவ்வாறே தொடரலாம். பெத்லகேமுக்கு வந்த பின்னும் அவள் மோவாபியப் பெண் என்றே சுட்டப்பெறுகிறாள். அவள் யாருடையவள் என்று போவாஸ் வினவும்போது, வேலையாட்களின் தலைவன் அவள் பெயரைக் கூறாமல் நாட்டைக் கூறுகிறான். மோவாபியர் இஸ்ரயேலரின் சபையில் சேரலாகாது என்று உபாகமத்தின் 23ஆம் அதிகாரத்தில் விதி இருப்பதை அறிந்தவர்க்கு இவ்வடைமொழியின் சுமை விளங்கும். நான்காம் அதிகாரத்தில் திருமணம் நிகழ்ந்ததாகக் கூறும் வசனத்தில் அவள் ரூத் மட்டுமே, நாட்டடை நீங்கிவிட்டது.

வழக்கமும் சட்டமும்

இரண்டாம் அதிகாரத்தில் ரூத் வயலில் கதிர் பொறுக்கச் செல்கிறாள். இதனை இரக்கத்தால் கிடைத்த பிச்சை என்று கொள்வது பொருந்தாது. வயலின் ஓரத்தை முற்றும் அறுக்காமலும், சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்காமலும் ஏழைக்கும் அயலாருக்கும் விட்டுவிட வேண்டும் என்பது லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரம் கூறும் சட்டம். உபாகமம் 24ஆம் அதிகாரம் அயலார், தந்தையற்றோர், கைம்பெண் ஆகிய மூவரையும் பெயர்சொல்லிக் குறிக்கிறது. ரூத் அயல்நாட்டவள், ஏழை, கைம்பெண். அவள் பொறுக்குவது அவளுக்கு உரியது. போவாஸின் சிறப்பு, சட்டம் கேட்பதற்கும் மேலாக, அரிக்கட்டுகளிலிருந்தே கதிரை உருவிப் போடுமாறு பணித்ததில் உள்ளது.

நான்காம் அதிகாரத்தில் நிலமீட்பை உறுதிசெய்ய ஒருவர் தம் காலணியைக் கழற்றிக் கொடுக்கிறார். அவ்விடத்தில் நூலே இது முற்கால வழக்கம் என்று விளக்கம் தருகிறது. அதாவது, நூலின் முதல் வாசகர்க்கே அது பழைய செய்தியாகிவிட்டது. பழைய நூலுக்கு உரை தேவைப்படுவதை எண்ணி நாணவேண்டியதில்லை என்பதை வகுப்பினர்க்கு இதைவிடத் தெளிவாக வேறெதுவும் உணர்த்தாது.

மொழிபெயர்ப்புகளை ஒப்பிடல்

பழைய மொழிபெயர்ப்பில் போவாஸைக் குறிக்கச் சுதந்தரவாளி என்னும் சொல் வருகிறது. இன்றைய மாணவர்க்கு அச்சொல் விடுதலையை நினைவூட்டும். விவிலியத் தமிழில் சுதந்தரம் என்பது மரபுரிமைச் சொத்தைக் குறிக்கும். உறவினர் இழந்த நிலத்தை மீட்டுக் குடும்பத்திடம் நிலைபெறச் செய்யும் கடமையுடைய நெருங்கிய உறவினரே இங்குக் குறிக்கப்பெறுபவர். ஒரு சொல்லின் பொருள் ஒன்றரை நூற்றாண்டில் நகர்ந்துவிட்டதை இவ்வோரிடத்திலேயே கற்பிக்கலாம்.

மற்றொன்று, கனஃப் என்னும் எபிரேயச் சொல். அது சிறகையும் குறிக்கும். ஆடையின் ஓரத்தையும் குறிக்கும். கடவுளின் சிறகின்கீழ் அடைக்கலம் தேடி வந்தவள் என்று இரண்டாம் அதிகாரத்தில் போவாஸ் ரூத்தை வாழ்த்துகிறார். மூன்றாம் அதிகாரத்தில் உம் ஆடையை என்மேல் விரியும் என்னும் கருத்துப்பட ரூத் அவரிடம் வேண்டுகையில் அதே சொல்லை ஆள்கிறாள். வாழ்த்தியவரே அவ்வாழ்த்தை நிறைவேற்ற வேண்டும் என்பது அவள் குறிப்பு. பழைய தமிழ்ப் பதிப்பு முன்னதைச் செட்டை என்றும் பின்னதைப் போர்வை என்றும் பெயர்த்துள்ளது. இரண்டும் தத்தம் இடத்தில் பொருத்தமானவை. ஆயினும் இடையிலுள்ள இழை மறைந்துவிட்டது. ஹெசெத் என்னும் சொல்லும் அத்தகையது. கடமையைக் கடந்து நிலைக்கும் அன்பைச் சுட்டும் அச்சொல் இந்நூலில் மூன்று இடங்களில் வருகிறது. பழைய பதிப்பில் அது தயை என்றும் நற்குணம் என்றும் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. சங்கீதம் 136இல் இதே சொல் பழைய பதிப்பில் கிருபையாகவும் திருவிவிலியத்தில் பேரன்பாகவும் நிற்கிறது. எது சரி என்று தீர்ப்பளிப்பதைவிட, ஒவ்வொன்றும் மூலத்தின் எப்பகுதியைக் காத்தது, எதனை விட்டது என்று வினவுவதே வகுப்பிற்கு ஏற்றது.

வகுப்பு நடத்துவோர்க்கு

வளர்ந்தோர் வெற்றுக் கையுடன் வகுப்பிற்கு வருவதில்லை. இழப்பையும் இடப்பெயர்வையும் மாமியார் மருமகள் உறவையும் வாழ்ந்து அறிந்தவர்கள் அவர்கள். இஃது ஆசிரியர்க்குப் பெரும் துணை. இடரும் அதிலேயே உண்டு. எலிமெலேக்கும் மைந்தரும் இறந்தது, அயல்நாடு சென்றதற்குத் தண்டனை என்று ஒருவர் உறுதியாகக் கூறலாம். கதைசொல்லி அவ்வாறு எங்கும் கூறவில்லை. கடவுள் தம்மைக் கசப்புக்குள்ளாக்கினார் என்பது நகோமியின் புலம்பல். ஓர்பாள் நன்றியற்றவள் என்று மற்றொருவர் கூறலாம். நூலோ அவளை ஒரு சொல்லாலும் பழிக்கவில்லை. அவள் அழுது முத்தமிட்டு, மாமியார் சொற்படியே திரும்பினாள்.

எனவே மூன்று வினாக்களை இவ்வரிசையிலேயே எழுப்புதல் நன்று. நூல் என்ன கூறுகிறது? யார் வாயிலாகக் கூறுகிறது? நமக்கு அது என்ன கூறுகிறது? மூன்றாம் வினாவிற்கு விரைந்தோடும் வகுப்பு, தான் முன்னரே அறிந்ததையே மீண்டும் கேட்கும். தமிழ் வாசிப்பில் தயக்கமுடையோர்க்கு வாசிக்கவேண்டிய பகுதியை முன்வாரமே கொடுத்துவிடுதல் வேண்டும். ஒருவர் தடுமாறுகையில் நகைப்போ திருத்தமோ எழாமல் காத்தல் ஆசிரியரின் முதற்கடமை. ஒருமுறை நாணமுற்ற வளர்ந்தவர் மறுமுறை வாய்திறவார்.

நிறைவுரை

ரூத்தின் வரலாறு பேரேசு முதல் தாவீது வரை பத்துப் பெயர்கள் கொண்ட குலவரிசையுடன் முடிகிறது. பெயர்ப்பட்டியல் என்று கடந்து செல்வோர் பலர். நூல் முழுவதையும் கற்றவரோ அங்கு நின்று வியப்பர். வயலோரத்தில் கதிர் பொறுக்கிய மோவாபியப் பெண்ணின் கொள்ளுப்பேரனே அரசன் தாவீது என்பதை அப்பட்டியலே தெரிவிக்கிறது. தன் உரிமை கெடும் என்று நிலத்தை மீட்க மறுத்த உறவினர்க்கு நூலில் பெயரே இல்லை. அவர் வெறும் இன்னார். தன் நாட்டையும் இல்லத்தையும் விட்டு வந்தவள் பெயரே நூலின் பெயராயிற்று.

இத்தகைய நயங்களை விளக்கவுரையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று. பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து, தம் கையிலுள்ள தமிழ் நூலைப் புரட்டித் தாமே கண்டடைவது மற்றொன்று. பின்னதில் நூலும் விளங்குகிறது, மொழியும் வாழ்கிறது.