மூடியில்லாத காரும் மூன்று லிட்டர் வெந்நீரும்

கார்ப் பந்தயத் தடங்களில் எல்லா நாள்களிலும் பந்தயம் நடப்பதில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் போன்ற நாடுகளில், பந்தயம் இல்லாத நாள்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் சொந்தக் காரையே தடத்தில் ஓட்டிப் பார்க்கலாம். இதற்கு 'டிராக் டே' என்று பெயர். இதில் பரிசு கிடையாது. வெற்றி தோல்வியும் கிடையாது. எதிரே வண்டி வராத பாதையில் காரின் திறனையும் தம் திறனையும் அறிந்துகொள்வதே நோக்கம். மாலையில் அதே காரை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பவும் வேண்டும்!

இவ்வாறு கொண்டுவரப்படும் கார்களுள் புகழ்பெற்றது மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் இது முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இருவர் மட்டுமே அமரலாம். துணியாலான கூரையைப் பின்னால் மடக்கிவிட்டால் தலைக்கு மேல் வானம்தான். அந்த முதல் காரின் எஞ்சின் 1.6 லிட்டர், திறன் ஏறக்குறைய 115 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 2016 ஏப்ரலில் இவ்வகைக் கார்களில் பத்து லட்சமாவது கார் தயாராகி வெளிவந்தது.

இந்தக் காரைப் பந்தயத் தடத்துக்கு ஆயத்தம் செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதலில் எதை மாற்றுவீர்கள்? "எஞ்சினை!" என்றுதான் பலரும் சொல்வீர்கள். அனுபவம் உள்ளவர்களோ எஞ்சினைத் தொடவே மாட்டார்கள். அவர்கள் முதலில் கேட்பவை இரண்டே கேள்விகள். வேகத்தைக் குறைக்கும்போது காரின் ஆற்றல் எங்கே போகிறது? கார் கவிழ்ந்தால் ஓட்டுபவரின் தலையைக் காப்பது எது?

ஆற்றல் எங்கே போகிறது?

கலிபோர்னியாவில் மான்டெரே நகருக்கு அருகே லகுனா சேகா என்ற தடம் இருக்கிறது. 1957-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.6 கிலோமீட்டர், வளைவுகள் பதினொன்று. இத்தகைய தடத்தின் நேர்ப்பகுதி ஒன்றில் நம் கார் மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் வருகிறது. எதிரே கூர்மையான வளைவு. வேகத்தை 60 கி.மீ.க்குக் குறைத்தாகவேண்டும்.

இயக்க ஆற்றலுக்குரிய வாய்பாட்டை நீங்கள் அறிவீர்கள்: நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கவேண்டும். ஓட்டுபவரையும் பெட்ரோலையும் சேர்த்துக் காரின் நிறை 1,100 கிலோகிராம் என்று கொள்வோம். 160 கி.மீ. வேகத்தில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 10,90,000 ஜூல். 60 கி.மீ. வேகத்தில் 1,53,000 ஜூல் மட்டுமே. எஞ்சிய 9,37,000 ஜூலும் எங்கேயாவது போயாகவேண்டும். ஆற்றல் அழிவதில்லை அல்லவா? காற்றின் தடை சிறிது எடுத்துக்கொள்ளும். பெரும்பகுதி பிரேக்கின் இரும்பு வட்டுகளில் வெப்பமாக மாறும்.

இந்த வெப்பம் எவ்வளவு? 30 டிகிரி செல்சியஸில் உள்ள மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது! உங்கள் வீட்டு அடுப்பு பல நிமிடங்களில் செய்யும் வேலையை இந்தப் பிரேக்குகள் சுமார் மூன்று விநாடிகளில் செய்துவிடுகின்றன. திறனாகக் கணக்கிட்டால் 300 கிலோவாட்டுக்கு மேல். எஞ்சினின் உச்சத் திறனோ 86 கிலோவாட்தான். ஆகவே இந்தக் காரில் மிகவும் வலிமை வாய்ந்த பொறி எஞ்சின் அன்று, பிரேக்கே!

கொதிக்கும் 'பிரேக் ஆயில்'

மிதியை அழுத்தும் உங்கள் காலின் விசை எவ்வாறு சக்கரத்தை அடைகிறது? பாஸ்கல் விதிப்படி, குழாய்களில் நிறைந்துள்ள ஒரு திரவத்தின் வழியாக. நம் மெக்கானிக்குகள் இதைப் 'பிரேக் ஆயில்' என்பார்கள். பெரும்பாலான கார்களில் இது எண்ணெய் அன்று; கிளைக்கால் சேர்ந்த ஒரு வேதித் திரவம். திரவங்கள் அழுத்தத்தால் சுருங்குவதில்லை என்பதால் காலின் விசை அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேருகிறது.

இத்திரவத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். 'டாட் 4' என்ற வகைத் திரவத்தின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி இருக்கவேண்டும் என்பது தரவிதி. ஈரம் உறிஞ்சிய நிலைக்கோ 155 டிகிரி இருந்தால் போதும். வட்டுகளின் வெப்பம் பரவித் திரவம் கொதித்துவிட்டால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி, திரவத்தைப் போலன்றி, எளிதில் சுருங்கிவிடும். ஓட்டுபவர் மிதியை அழுத்துகிறார். அது தரைவரை போகிறது. கார் மட்டும் வேகம் குறையவில்லை. எதிரே வளைவு!

இதை வீட்டிலேயே உணர்ந்து பார்க்கலாம். ஊசி இல்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றில் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்புங்கள். நுனியை விரலால் அடைத்துத் தண்டை அழுத்துங்கள். அது அசையாது. பிறகு சிறிது காற்றை உள்ளே விட்டு அழுத்துங்கள். தண்டு மெத்தென்று உள்ளே போகும். கொதித்த பிரேக்கின் மிதியும் இப்படித்தான் இருக்கும்.

ஆகவே தடத்துக்குப் போகுமுன் செய்யவேண்டிய முதல் வேலை, பழைய திரவத்தை முழுவதும் வெளியேற்றிவிட்டு, கொதிநிலை மிகுந்த புதிய திரவத்தை நிரப்புவதுதான். செலவும் மிகக் குறைவு. அடுத்தது, மிகுந்த வெப்பத்திலும் உராய்வை இழக்காத பிரேக் பேடுகளைப் பொருத்துவது. சாதாரணப் பேடுகள் அளவுமீறிச் சூடானால் வழுக்கத் தொடங்கும். தடத்துக்கென்றே செய்யப்பட்ட பேடுகளோ குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காமல் போகலாம். வீட்டுக்கும் அதே காரில் திரும்பவேண்டியிருப்பதால் இரண்டுக்கும் இடைப்பட்ட வகையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

டயருக்குள் ஒரு வாயு விதி

தடத்தில் வேகமாகச் செல்லும்போது டயரும் அதனுள் இருக்கும் காற்றும் சூடாகின்றன. காலையில் 30 டிகிரி வெப்பநிலையில் 30 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்று அடித்தோம் என்க. அது 80 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் என்ன ஆகும்? அளவி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ள அளவை மட்டுமே. எனவே 14.7-ஐக் கூட்டி 44.7 என்று கொள்ளவேண்டும். வெப்பநிலை 303 கெல்வினிலிருந்து 353 கெல்வினாக உயர்கிறது. கணக்கிட்டால் 52, அளவியில் 37 பவுண்டு! அழுத்தம் மிகுந்த டயர் தரையைச் சீராகப் பற்றாது. ஆகவே சில சுற்றுகள் முடிந்ததும் அளந்து பார்த்து, கொஞ்சம் காற்றை இறக்குவார்கள். திரும்பும் முன் மறுபடி நிரப்பவும் மறக்கமாட்டார்கள்.

தலைக்கு மேல் என்ன?

இப்போது இரண்டாவது கேள்வி. செருப்புப் பெட்டி ஒன்றை மூடியோடு சேர்த்து ஒட்டி, இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பின்பு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். எவ்வளவு எளிதாக முறுகுகிறது! சாதாரணக் காரில் இரும்புக் கூரை இந்த மூடியின் வேலையைச் செய்கிறது. திறந்த காரில் அது இல்லை. அதனால் அடிப்பகுதியை உறுதியாக்கிக் கட்டுகிறார்கள். ஆனால் கார் தலைகீழாகக் கவிழ்ந்தால், துணிக் கூரை எதையும் தாங்காது.

ஆகவேதான், திறந்த கார்களில் இருக்கைகளுக்குப் பின்னால் தடித்த உருக்குக் குழாயாலான 'ரோல் பார்' என்ற வளைவு இருந்தால்தான் பல தடங்களில் அனுமதி தருகிறார்கள். அது காரின் உடற்பகுதியோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்கவேண்டும். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓட்டுபவர் தலைக்கவசம் அணிந்து அமர்கிறார். ரோல் பாரின் உச்சியிலிருந்து முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சிக்கு ஒரு நீளமான கம்பை வைக்கிறார்கள். தலைக்கவசம் அந்தக் கம்புக்குக் கீழே, இரண்டு அங்குலமாவது தள்ளி இருக்கவேண்டும். கவிழ்ந்த காரைத் தாங்கும் தரையே இந்தக் கம்பு என்று எண்ணிப் பாருங்கள். சோதனையின் பொருள் விளங்கும். கவசம் கம்பைத் தொட்டால், எவ்வளவு விலையுயர்ந்த காரானாலும் அன்று தடத்தில் இறங்கக்கூடாது.

இவை முடிந்தபின் சிறு வேலைகள். சக்கர நட்டுகளைச் சரியான இறுக்கத்துக்கு முடுக்கவேண்டும். எஞ்சின் ஆயிலும் குளிர்விக்கும் நீரும் போதிய அளவு இருக்கவேண்டும். உள்ளே உருளக்கூடிய பாட்டில், ஸ்பானர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடவேண்டும். ஓட்டி முடித்ததும் கடைசிச் சுற்றை மெதுவாகச் சுற்றிப் பிரேக்கைக் காற்றில் ஆறவிடவேண்டும். நிறுத்திய பின்பு கைப்பிரேக்கை இழுக்காமல், காரைக் கியரில் விட்டுவிடுவார்கள். கொதிக்கும் வட்டைப் பேடு இறுகப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் மட்டும் ஆறாமல் போகும் அல்லவா?

இந்த அறிவியல் பந்தயத் தடத்துக்கு மட்டும் உரியதன்று. நீலகிரி போன்ற மலைப்பாதைகளில் இறங்கும் பேருந்தைக் கவனியுங்கள். சரிவில் வேகமாக இறங்க வசதியிருந்தும் ஓட்டுநர் தாழ்ந்த கியரிலேயே இறங்குகிறார். ஏன்? பேருந்தின் ஆற்றல் முழுவதும் பிரேக்கில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். தாழ்ந்த கியரில் அதன் ஒரு பகுதி வேறெங்கே போகிறது? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியருடன் கலந்து பேசிக் கண்டுபிடியுங்கள்.