சிறுவயதுக் காயமும் மனநல ஆலோசகரும்



மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், நோயுற்ற மகனைக் குணமாக்குமுன், இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று தந்தையிடம் இயேசு கேட்கிறார். சிறுவயது முதல் என்கிறார் தந்தை.

நம்மிலும் பலருக்கு வலி அப்போதே தொடங்கியது. குடித்துவிட்டு வந்த அப்பாவின் அடி, நிறத்தைச் சொல்லிக் கேலி, உறவினர் ஒருவரின் தகாத தொடுதல். செய்தவர் மறந்திருப்பார், வெட்கம் பட்டவரிடமே தங்கிவிடுகிறது. அதைப் பாவமென்று எண்ணி, ஒப்புரவு அருளடையாளத்தில் திரும்பத் திரும்ப அறிக்கையிடுவோரும் உண்டு. பிறர் நமக்கு இழைத்தது நம் பாவமன்று. அந்தக் காயத்துக்குத் தேவை சிகிச்சை.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. வரிசையில் ஊர்க்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்று தயங்குகிறோம். (நம் மாவட்டத்தில் எங்கே போனாலும் ஒரு சொந்தக்காரர் நிற்பார்!) அப்படியானால் வீட்டிலிருந்தே 14416 எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை இது. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம். தனியார் மருத்துவ உளவியலாளரிடம் செல்வதென்றால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்போம். நல்லவர் கோபப்பட மாட்டார். நாம் சொல்வதை வெளியே விடாமல் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர் கடமை. முதல் நாளே எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. மன்னித்து மறந்துவிடு என்று அவசரப்படுத்துபவரை விட்டு வேறொருவரைத் தேடலாம்.

இன்று அப்படித் துன்புறும் குழந்தை நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இருந்தால், உடனே 1098 எண்ணை அழைப்போம்.