பன்னிரண்டா, முப்பதா?

கர்நாடகத்தில் அரசு நிலம் பெற்ற தலித், பழங்குடிக் குடும்பங்களிடம் சாகுவளிச் சீட்டு என்றொரு காகிதம் இருக்கும். இத்தனை ஆண்டுகள் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் நிலம் கிடைத்தது. கல்யாணக் கடனும் வைத்தியச் செலவும் நிபந்தனையைப் படித்துவிட்டா வருகின்றன? அடிமாட்டு விலைக்குக் கைமாறிய நிலம் ஏராளம்.

அதை மீட்கத்தான் 1978-இல் தனிச் சட்டம் வந்தது. 1979 ஜனவரி 1 முதல் அமல். நிபந்தனையை மீறிய கிரயம் பழையதானாலும் செல்லாது. வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1984-இல், மஞ்சேகவுடா வழக்கில், சட்டம் செல்லும் என்றது தீர்ப்பு. கூடவே ஒரு சந்தும் விட்டது: சட்டம் வருவதற்கு முன்பே எதிரிடை அனுபவத்தால், அதாவது உரிமையாளரின் உரிமையை மறுத்து நெடுநாள் வைத்திருந்ததால், உரிமை முற்றியிருந்தால் அந்த நிலத்தைத் தொட முடியாது.

உடனே எல்லோரும் அந்தச் சந்தில் நுழைந்தார்கள். தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு அனுபவம் போதும்; அரசு நிலத்துக்கு 30 வேண்டும். அரசு ஒப்படைத்த நிலம் யாருடையது? ஹுச்சேகவுடா வழக்கில் 1994-இல் விடை வந்தது: முழு உரிமையோடு கொடுத்திருந்தால் 12, இல்லையேல் 30. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் வகையில் 1967 தொடக்கத்திலிருந்தே அனுபவம் வேண்டும், இரண்டாவதில் 1949-லிருந்து. நாடு விடுதலை பெற்ற ஒன்றரை ஆண்டுக்குள் உள்ளே வந்திருந்தால்தான் உண்டு!

அதோடும் முடியவில்லை. கிரயப் பத்திரத்தைக் காட்டி ‘நான் வாங்கியவன்’ என்பவர், அதே மூச்சில் ‘நான் எதிரிடையாக அனுபவித்தேன்’ என்றால் எப்படி? உரிமையாளரின் உரிமையை எப்போது மறுத்தார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது 1995-இன் சந்தேவரப்பா தீர்ப்பு. என் கணக்கில் இதுதான் நியாயமான பூட்டு.

பிறகு 2017-இல், மீட்பு மனு போடக் காலதாமதம் என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபட்டது. பல ஏழைகளின் மனுக்கள் அதில் அடிபட்டன. மீட்பு மனுவுக்குக் காலக்கெடு கிடையாது என்று 2023-இல் சட்டத்தையே திருத்தியது கர்நாடகம்.

தமிழ்நாட்டில் தலித்துகளுக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலத்துக்கும் இப்படியொரு நிபந்தனை உண்டு: பத்தாண்டு விற்கக் கூடாது, அதன்பின் பட்டியல் சாதியினருக்கே விற்கலாம். வழக்கு ஒப்படையின் நிபந்தனையில் நிற்பதால், அந்த நிலத்துக்கு வழக்காடும் குடும்பங்கள் முதல் வேலையாக ஒப்படை உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.