பதிப்பு மாற்றமும் குறிப்பு நெறியும்

திருகோணமலைத் துறைமுகம் இயற்கையாய் அமைந்த ஆழமிக்க துறைமுகமாகும். அதனுட் புகும் மாலுமி கடல்வரைபடத்தை நம்பியே கலத்தைச் செலுத்துகின்றான். ஆழமும் விளக்கும் மிதவையும் மாறுந்தோறும் மாலுமிகளுக்கான அறிவித்தல்கள் வெளிவரும். அறிவித்தலின் ஆண்டும் எண்ணும் வரைபடத்தின் ஓரத்திற் குறிக்கப்படும். கையிலுள்ள படம் எதுவரை திருத்தப்பெற்றது என்பதனை அவன் ஒரு நோக்கில் அறிவான்.

கணினி மென்பொருளுக்கும் இந்நெறி இன்றியமையாதது. ஒரு பதிப்பிற் பொருந்திய தெரிவு மற்றொரு பதிப்பிற் பொருந்தாது போகலாம். தனித்தனியே குற்றமற்ற இரு தெரிவுகள் ஒருங்கு வழங்குமிடத்து முரணலாம். அம்முரணைத் தெளிவுற எழுதிவைத்தல் எங்ஙனம் என்பதற்குத் தமிழெழுத்தே தக்க சான்று தருகின்றது.

‘ஸ்ரீ’ என்னும் கூட்டெழுத்தை நோக்குக. ஈழத்தில் ஆட்பெயர், கோயிற்பெயர், கல்லூரிப்பெயர் ஆகியவற்றின் முன்னர் அது பெருவழக்காய்ப் பயில்வது. யுனிக்கோடு எழுத்துக் குறியீட்டின் 4.1ஆம் பதிப்பு 2005ஆம் ஆண்டில் வெளிவருமுன், ஸ, புள்ளி, ர, ஈகாரக்குறி என்னும் நான்கினால் அது எழுதப்பெற்றது. வடமொழியில் அச்சொல்லின் முதலெழுத்து ஶகரமே. 4.1ஆம் பதிப்பு ‘ஶ’ என்னும் கிரந்த எழுத்துக்குத் தனியிடம் அளித்தமையின், ஸகரத்தின் இடத்தில் ஶகரத்தை வைத்தெழுதுதல் ஏற்ற முறையாயிற்று.

பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. யுனிக்கோட்டின் இயல்பாக்க விதியும் அவற்றை ஒன்றாக்குவதில்லை. இதனால் விளையும் இடர் சிறிதன்று. மாணவர் ஒருவரின் பெயர் இடாப்பில் முன்னை முறையிற் பதியப்பெற்றிருக்க, பின்னை முறையில் தேடுவார்க்கு அஃது அகப்படாது போகலாம். அகப்படாமை கண்டு மீண்டும் பதிவாராயின் ஒருவரே இருவராவர். பிழை யாண்டுளது எனத் திரையைப் பார்த்துக் காணவும் இயலாது.

இம்மாற்றத்தை யுனிக்கோடு நூல் விளக்கும் முறை போற்றத்தக்கது. எந்தப் பதிப்பில் மாற்றம் நேர்ந்தது, அதற்கு முன் வழங்கிய முறை யாது, பின் வழங்குவது யாது, காரணம் என்ன என்பன அங்குச் சுருங்கக் கூறப்பட்டுள்ளன. மென்பொருள்கள் மெல்லவே மாறியமையால் இரு முறைகளும் பரவலாய் உள்ளன என்பதையும் மறையாது சொல்லி, இரண்டினையும் நிகராகக் கொள்ளுமாறு அந்நூல் பரிந்துரைக்கின்றது. பழையதைப் பிழையென ஒதுக்கவில்லை.

பொருந்தாமையைக் குறிப்போர் அனைவரும் இவ்வைந்தினையும் கைக்கொள்ளல் வேண்டும். ஆறாவதாக ஒன்றுமுண்டு: பொருந்தாத தெரிவுகள் கூடும்போது மென்பொருள் பிழைச்செய்தி காட்டி நிற்குமா, வாளா இருந்து தவறான விளைவைத் தருமா என்பதும் கூறப்படுதல் வேண்டும். பின்னதே பெருங்கேடு. ‘புதிய பதிப்பில் இயங்காது’ என்று மட்டும் எழுதுதல் குறிப்பாகாது. இன்று புதியது நாளை பழையதாகும், எண்ணோ மாறாது.

பாடசாலை அலுவலகத்திற்கும் இது பொருந்தும். பெயர்ப்பட்டியலைத் தொடங்கும்போதே எம்முறையில் ‘ஸ்ரீ’ எழுதப்படுகின்றது என்பதையும், தொடங்கிய நாளையும் தலைப்பிற் பொறித்து வைத்தல் ஒரு வரி வேலை. பின்வருவோர் அவ்வரியைக் கொண்டு, ஓரக்குறிப்பைக் கண்ட மாலுமிபோல், ஐயமின்றித் தம் பணியைத் தொடர்வர்.