மக்கர் பண்ணும் இழுப்பறைகள்

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக் கொண்டதும், வீட்டிலுள்ள மர இழுப்பறைகள் ஒவ்வொன்றாக மக்கர் பண்ண ஆரம்பித்துவிடும். புரட்டாசி வரை ஒரு விரலுக்கு வந்த டிராயர், இப்போது இரண்டு கையாலும் இழுத்தாலும் அசையாது. கைப்பிடி மட்டும் கையோடு வரும்! உடனே, "ஆசாரியைக் கூப்பிட்டுக் கொஞ்சம் இழைச்சுவிடச் சொல்லுங்களேன்" என்று வீட்டுக்காரரிடம் ஆரம்பித்து விடுகிறோம். சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே. மழை நாளில் மட்டும் இழைப்புளியை மரத்தில் வைக்க விடாதீர்கள்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும். வெயில் காலத்தில் அதை விட்டுவிட்டுச் சுருங்கும். அறுத்துப் பல வருஷமான மரமும் இப்படித்தான். நீளவாக்கில் அநேகமாக ஒன்றும் ஆகாது. ரேகைக்குக் குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில்தான் வீக்கமெல்லாம். ஒரு ஜாண் அகலப் பலகை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூடிவிடும். தேக்கு கொஞ்சமாக உப்பும். மாமரம் போன்றவை அதைவிட அதிகம். இழுப்பறையின் பக்கப் பலகைகளில் ரேகை முன்னும் பின்னுமாக ஓடுவதால், அவை உயரத்தில் வளர்கின்றன. ஆகவே டிராயர் பெரும்பாலும் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும்தான் பிடிக்கும். இது தெரியாமல் பக்கவாட்டில் தேய்த்துக் கொண்டிருப்பவர்கள் அநேகம் பேர். கார்த்திகையில் இழைத்துவிட்டால் சித்திரையில் அது சுருங்கி லொடலொடவென்று ஆடும். முன்பலகையைச் சுற்றி இடுக்கு விழுந்து கரப்பான் குடித்தனம் வந்துவிடும். செதுக்கிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியுமா, சொல்லுங்கள்!

சரி, இறுகிக் கிடப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டுமே. கைப்பிடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். திருகாணி பிய்ந்துவிடும், திடீரென்று வந்தால் டிராயர் காலில் விழும். பக்கத்தில் குழந்தை நின்றால் கேட்கவே வேண்டாம். மேலே இன்னொரு டிராயர் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, அந்த வழியாகக் கையை விட்டுச் சாமான்களை எடுத்துக் கனத்தைக் குறையுங்கள். பிறகு பின்பக்கத்திலிருந்து மெதுவாக முன்னால் தள்ளுங்கள். மேலே டிராயர் இல்லையென்றால் முன்பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, இடம் கொஞ்சம் வலம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அசைத்தால் வரும்.

எங்கள் பக்கத்து வீட்டில் எட்டு வயதுப் பையனுக்கு இளைப்பு உண்டு. அவனுடைய இன்ஹேலரை மேஜையின் இரண்டாவது டிராயரில்தான் வைத்திருந்தார்கள். ஒரு மழை ராத்திரி பையன் மூச்சு வாங்கிக் கொண்டு உட்கார்ந்திருக்கிறான், டிராயர் வரமாட்டேன் என்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் கழன்றே விட்டது. நல்ல வேளை, தாத்தா மேல் டிராயரை உருவிப் போட்டுவிட்டுக் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார். இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. ஆனால் அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றிப் பேசும்போது அந்தப் பெண்ணின் குரல் இன்னும் நடுங்குகிறது. அவசர மருந்து, டார்ச் லைட், வாசல் சாவி இவற்றை மழைக்காலத்தில் மர இழுப்பறைக்குள் வைக்க வேண்டாம். பிள்ளைகள் கைக்கு எட்டாத திறந்த தட்டே போதும்.

வெளியே எடுத்த டிராயரைக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கே மரம் பளபளவென்று தேய்ந்திருக்கிறதோ அங்கேதான் உரசுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் கலர் சாக்பீஸை விளிம்பெல்லாம் தடவி, ஒருமுறை உள்ளே தள்ளி இழுங்கள். சாக்பீஸ் அழிந்த இடம்தான் குற்றவாளி. டிராயர் ஓடும் உள்சட்டத்தையும் தடவிப் பாருங்கள். ஓர் ஆணித் தலை துருத்திக் கொண்டு நிற்கும். அதைச் சுத்தியலால் இறக்கினாலே சரியாகிவிடும். உப்பிய மரமென்றால், மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். வெயிலில் போட வேண்டாம், கோணிக்கொள்ளும்.

உலர்ந்ததும் சாதாரண மெழுகுவர்த்தியை எடுத்து, உரசும் இடத்திலும் உள்சட்டத்திலும் அழுத்தித் தேய்த்துவிடுங்கள். பாதி வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும். சிலர் சோப்பைத் தேய்ப்பார்கள். சோப்பு ஈரத்தை இழுக்கும், மெழுகே மேல். தேங்காய் எண்ணெய் மட்டும் கூடவே கூடாது. அதை மரம் குடித்துவிடும், தூசி ஒட்டும், எறும்பு வரும், உள்ளே வைத்த பட்டுப் புடவையில் கறை படும்.

மழை இல்லாத நாளிலும் இறுகினால் விஷயம் வேறு. மூலை இணைப்பு விட்டுப்போய் டிராயர் கோணலாகியிருக்கும். ஒரு நூலால் எதிரெதிர் மூலைகளை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால், பழைய பசையைச் சுரண்டிவிட்டு ஃபெவிக்கால் வைத்து, அளவு ஒன்றாகும்படி கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு ராத்திரி விடுங்கள். அடிப்பலகை தொய்ந்து உரசினால் அதைக் கவிழ்த்துப் போட்டுப் பொருத்தலாம். உள்சட்டம் தேய்ந்து பள்ளமாகியிருந்தால், முன்பக்கம் தட்டைத் தலையுள்ள டிராயிங் பின் இரண்டை அடித்துவிடுங்கள். டிராயர் அதன்மேல் ஏறி ஓடும்.

மரத்தூள் பலகையில் செய்த மேஜைகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அது தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பினால் பழையபடி சுருங்காது. அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும். இரும்புச் சானலில் ஓடும் சமையலறை டிராயர்களுக்கும் மெழுகு வேண்டாம். சானலில் சேர்ந்த தூசியைத் துடைத்தாலே போதும்.

மாசி, பங்குனியில் மரம் நன்றாகக் காய்ந்த பிறகும் டிராயர் பிடித்தால், அப்போது தாராளமாக ஆசாரியைக் கூப்பிடலாம். அதற்கும் முன்னால், உரசும் விளிம்பை நீங்களே உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைஸானது. தேய்த்த இடத்தைப் பச்சை மரமாக விடாமல் வார்னிஷ் ஒரு கை பூசிவிட்டால் அடுத்த மழைக்கு ஈரம் குறைவாகவே ஏறும். புது மேஜை செய்யக் கொடுப்பவர்கள், டிராயருக்கு மேலே ஒரு நூல் இடம் விடும்படி ஆசாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நூல் என்றால் அவர் கணக்கில் அரைக்கால் அங்குலம்.