வெட்டி: கூலியில்லா உழைப்பின் சொல்வரலாறு

வெட்டிப்பேச்சு, வெட்டிவேலை என இன்று வீணானதைச் சுட்டும் ‘வெட்டி’ என்னும் சொல், சோழர் காலக் கல்வெட்டுகளில், குடிமக்கள் கூலியின்றிக் கட்டாயமாகச் செய்தாக வேண்டிய உடலுழைப்பைக் குறிக்கும் வருவாய்ச் சொல்லாக அடிக்கடி இடம்பெறுகிறது. வெட்டுதல் என்னும் வினையடியாகப் பிறந்ததுபோல் தோன்றினாலும், இது ‘விஷ்டி’ என்னும் வடசொல்லின் திரிபு என்றே ஆய்வாளர் பலர் கொள்கின்றனர்.

விஷ்டி என்பது, பொருளாகவோ காசாகவோ அன்றி உழைப்பாகவே அரசு வாங்கிக்கொண்ட வரி. அர்த்தசாஸ்திரமும் இதைக் குறிப்பிடுகிறது. கி.பி. 150ஐச் சேர்ந்த கிர்னார் பாறைக் கல்வெட்டில், புயல்வெள்ளத்தில் உடைந்த சுதர்சன ஏரியின் கரையை, வரியாலும் விஷ்டியாலும் மக்களை வருத்தாமல் தன் கருவூலப் பணத்தைக் கொண்டே கட்டியதாக ருத்ரதாமன் என்னும் சகர் குல மன்னன் பெருமை பேசுகிறான். வருத்தாமல் விட்டது கல்லில் பொறிக்கத்தக்க புகழாயிற்று என்றால், வருத்துவதே அன்றைய வழக்கமாக இருந்திருக்க வேண்டும்.

தமிழகத்தில் கோயில்களுக்கும் பிராமணர்களுக்கும் நிலக்கொடை அளிக்கப்பட்டபோது, விட்டுக்கொடுக்கப்பட்ட அல்லது கைமாறிய வரிகளின் வரிசையில் வெட்டியும் எழுதப்பட்டது. பிற்காலத்தில் கிராமப் பணியாளரான தலையாரி, நீர்கண்டி ஆகியோருடன் ‘வெட்டி’ என்றொருவரும் எண்ணப்பட்டதால், உழைப்பின் பெயர் உழைப்பவரின் பெயராகவும் ஆயிற்று. ஆள்வோரின் கணக்கில் வருவாயாக நின்ற அதே உழைப்பு, செய்தவர் கைக்கு எதையும் தராமையால் அவர் வாய்மொழியில் வீண் என்ற பொருளை ஏற்றது எனலாம்.

தெலுங்கில் ‘வெட்டி சாகிரி’ என வழங்கிய இந்தக் கட்டாய ஊழியம், நிஜாம் ஆட்சிக்கால நிலவுடைமையாளர்களுக்கு எதிராக 1946இல் மூண்ட தெலங்கானா உழவர் போராட்டத்தின் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. வடஇந்தியாவில் இதற்குப் ‘பேகார்’ என்ற பாரசீகச் சொல் வழங்கியது. அச்சொல்லையே எடுத்தாண்டு அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இம்முறையைத் தடைசெய்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் 1982இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக உழைக்க இசைந்தாலும் அது கட்டாய உழைப்பே என விளக்கியதால், கூலியே இல்லாத வேலையோடு கூலி குறைந்த வேலையும் இத்தடைக்குள் வந்தது.